ஆஸ்பத்திரி முதலில், ஸ்டேஷன் அப்புறம்

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் திருநங்கை. ஓசூர்ல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். என் வீட்ல மூணு பொண்ணுங்க, அவங்களும் திருநங்கைங்க, மூணு பேரும் எனக்கு மகளுங்கதான். சின்னவளுக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், எங்கிட்ட வந்து ஒரு வருஷம்கூட ஆகல. பத்து நாளைக்கு முன்னாடி ராத்திரி அத்திப்பள்ளியில இருந்து திரும்ப வண்டி கிடைக்காம ரோட்டோரம் நின்னிருக்கா. கார்ல வந்த மூணு பேர் ஏத்திக்கிட்டுப் போய் அடிச்சு, சொல்ல முடியாததெல்லாம் பண்ணி, ஃபோனையும் காசையும் பிடுங்கிக்கிட்டு ஹைவே ஓரமா தள்ளிட்டுப் போயிட்டானுங்க. மறுநாள் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சீட்டு போடுற இடத்துல ஆம்பளையா பொம்பளையான்னு சத்தமா கேட்டாங்க. ஆதார்ல பழைய பேரு. போலீஸ் மெமோ இல்லாம பாக்க முடியாதுன்னுட்டாங்க. வரிசையில நின்னவங்க எல்லாம் வேடிக்கை பாத்தாங்க. அவ என் கையை உதறிட்டு ஓடிவந்துட்டா. அன்னிலேருந்து ரூமை விட்டு வரல. சாப்பிடல, தூங்கல. ஒண்ணுக்குப் போனா எரியுதுங்கிறா. அந்த மூணு பேர்ல ஒருத்தனை எங்க ஆளுங்களுக்கு அடையாளம் தெரியுமாம். கேஸெல்லாம் வேணாம், பேசி முடிச்சிக்கலாம்னு எங்க பெரியவங்க சொல்றாங்க. பத்து நாள் ஆயிடுச்சே, இனிமே ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன பிரயோஜனம்? நாளைக்கு வேற யாருக்காவது இப்படி ஆனா முதல்ல எங்க போகணும்? பெத்தவங்களுக்குச் சொல்லலாமா?

பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்:

அம்மா, வணக்கம்.

பிரயோஜனம் உண்டு. நாளைக் காலையே கூட்டிப் போங்கள். ஆனால் காலைவரைகூடப் பொறுக்கக் கூடாத அறிகுறிகள் சில இருக்கின்றன. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது அல்லது வராமலே போவது, மலத்தோடு ரத்தம், நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிறு கல்லாக இறுகுவது, தலையில் அடிபட்ட பிறகு நிற்காத வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிக்கிறதா? ஹார்மோனுக்காக மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் அபாயம் கூடும். பத்து நாளாகப் படுத்தே கிடப்பவளுக்கு அது இன்னும் கூடும். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அதே அளவு அவசரமானது, அவளிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாடி?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே கொடுத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. அடக்கி வைத்திருப்பது வெளியே வரும். ஆமாம் என்றாலும், பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், இன்றிரவு அவளைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். மாத்திரை அட்டை, எலி பேஸ்ட், பூச்சி மருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அவள் பேச மாட்டேன் என்றால் நீங்களே பேசி, என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று, அவள் வயது. பதினெட்டு முடியவில்லை என்றால் கணக்கே வேறு. அப்போது போக்சோ சட்டம் வரும். அந்தச் சட்டத்துக்கு ஆண், பெண், திருநங்கை என்ற பேதம் கிடையாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் யாராக இருந்தாலும் குழந்தைதான். விஷயம் தெரிந்தவர்கள் போலீசுக்கோ 1098க்கோ சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவர் மேலும் வழக்கு வரும். அது நீங்களாகவும் இருக்கலாம். "பத்தொன்பதுன்னு சொன்னா" என்பதோடு விடாமல் ஆதாரிலோ பள்ளிச் சான்றிதழிலோ பிறந்த தேதியைப் பார்த்துவிடுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் பதினெட்டு கடந்தவள் என்று வைத்துக்கொண்டு.

அந்தக் கவுன்டரில் உங்களிடம் சொன்னது தவறு. போலீஸ் மெமோ இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. அடிபட்டு வந்தவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகுதான், அரசு மருத்துவரானாலும் தனியாரானாலும் இது கடமை என்று பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014ல் வெளியிட்ட நெறிமுறையும் இதையே சொல்கிறது. அதில் திருநர்களைப் பற்றித் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. புகார் கொடுத்தால்தான் வைத்தியம் என்பது அதில் எங்கும் இல்லை. போலீசுக்குத் தகவல் அனுப்ப வேண்டியது மருத்துவமனையின் வேலை. போலீசிடமிருந்து சீட்டு வாங்கிவர வேண்டியது உங்கள் வேலை இல்லை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் கவுன்டர்களில் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் திருத்துவதைப் பிறகு பார்ப்போம்.

எங்கே போவது? ஓசூர் அரசு மருத்துவமனை பக்கம், அங்கே போகலாம். நடக்கிற நிலையில் இருக்கிறாள், வண்டிக்கும் வசதி இருக்கிறது என்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்வேன். 2022 ஜனவரியில் திறந்தது. மருத்துவக் கல்லூரி என்பதால் அறுவை சிகிச்சை, மனநலம், தடயவியல் என்று எல்லாத் துறையும் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்லும் கொடுமை குறையும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் அப்படித்தான், ஆனால் பென்னாகரத்து ஆட்கள் வந்துபோகிற இடம். சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம் இருக்கலாம். கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "அசால்ட் கேஸ், ஏ.ஆர். போடணும்" என்று சொல்லுங்கள். ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. அடிதடி, விஷம், வன்முறை என்று எது வந்தாலும் டூட்டி டாக்டர் அதில் எழுதியாக வேண்டும். இந்தச் சொற்களைச் சொன்னாலே பேச்சு மாறும். ஆம்பளையா பொம்பளையா என்று மறுபடி கேட்டால், "திருநங்கை, அப்படியே எழுதுங்க" என்று நீங்களே பதில் சொல்லுங்கள். அவள் வாயால் சொல்ல வைக்காதீர்கள். ஆதார் கொண்டு போகாவிட்டாலும் சிகிச்சை உண்டு. பெயர் விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். ஆதாரில் உள்ள பழைய பெயர், பக்கத்தில் (எ) போட்டு இப்போது கூப்பிடும் பெயர் என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பழைய பெயரைச் சொல்ல அவளுக்குக் கசக்கும், தெரியும். ஆனால் நாளைக்கு வழக்கு நடந்தால், ஏ.ஆரில் இருப்பவள் வேறு ஆள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கிளப்புவதற்கு இடம் இருக்காது.

ஏ.ஆரில் முதலில் எழுதப்படும் வரிகளின் மதிப்பு கூண்டில் ஏறி சாட்சி சொன்ன மருத்துவர்களுக்குத்தான் தெரியும். எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, எங்கே, என்றைக்கு, எத்தனை மணிக்கு. பின்னால் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுப்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "படியில விழுந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வழக்கு முழுக்க அது துரத்தும். மூன்று பேர், கார், அத்திப்பள்ளி, இன்ன தேதி இரவு என்று உள்ளபடி சொல்லட்டும். அடையாளம் தெரிந்த அந்த ஒருவனை அவளே நேரில் அறிந்தவளா, இல்லை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியுமா? மற்றவர்கள் சொன்னதுதான் என்றால் அவனை "தெரிந்தவர்" என்று சொல்ல வேண்டாம். நேரம் நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லலாம். பத்து நாள் கழித்து ஏன் வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டால், மறுநாளே போனோம், திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தாமதத்துக்கான காரணம் அதிலேயே பதிவாகிவிடும்.

தகவல் போனதும் மருத்துவமனை அவுட்போஸ்ட் போலீஸ்காரர் வந்து நிற்பார். பயப்பட வேண்டாம். "இப்போ புகார் கொடுக்க விருப்பமில்லை" என்று சொல்லும் உரிமை வயது வந்தவளுக்கு உண்டு. டாக்டர் அதைக் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். பிறகு மனம் மாறிப் புகார் கொடுக்க நினைத்தால் இந்தக் கையெழுத்து குறுக்கே நிற்காது.

பரிசோதனையில் என்ன செய்வார்கள் என்று தெரியாததுதான் பாதி பயம். ஆடையை மொத்தமாகக் கழற்றச் சொல்லி நிற்க வைக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியைப் பார்க்கும்போது மற்றப் பகுதிகளை மூடியிருக்கலாம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் "போதும்" என்று நிறுத்தலாம், அதனால் சிகிச்சையை மறுக்க முடியாது. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். நீங்கள் கூட நிற்கலாம். மாணவர்கள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்தால் வெளியே போகச் சொல்லலாம். திருநங்கை உடம்பைப் பார்க்கும் ஆர்வத்துக்குப் படிப்பு என்று பெயர் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். விரல் விட்டுப் பார்க்கும் பழைய இருவிரல் சோதனையை யாராவது செய்தால் அது முறைகேடு என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசனவாயில் காயம் இருந்தால் அதைப் பார்ப்பது வேறு. அது அவசியம். ஏன் பார்க்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அவளுக்கு நிர்வாணம், அதாவது பெண்ணாக மாறும் ஆபரேஷன், ஆகியிருக்கிறதா என்றும் நீங்கள் எழுதவில்லை. ஆகியிருந்தால் எரிச்சலை நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். ஆபரேஷன் ஆன இடத்தில் சிறுநீர்த் துளை சுருங்குவது அடியே படாதவர்களுக்குக்கூட வரும். அங்கே காயமும் கிருமியும் சேர்ந்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சிறுநீர் நூல் போல மெலிந்து வருகிறதா, இரண்டாகப் பிரிந்து வருகிறதா, முக்கிப் போக வேண்டியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகத் துறை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பெங்களூரிலோ வேறு எங்கோ ஆபரேஷன் செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு போங்கள். சீட்டே கொடுக்காத இடத்தில் செய்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டருக்கு வேண்டியது என்ன வெட்டப்பட்டது, என்ன தைக்கப்பட்டது என்பதுதான். யார் செய்தார் என்பதைக் கேட்டு யாரையும் பிடித்துக் கொடுக்கும் வேலை அவருக்கு இல்லை. ஹார்மோன் மாத்திரை, ஊசி எதுவானாலும் அட்டையையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இனி ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து என்று ஒன்று இருக்கிறது. சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். உங்கள் மகளுக்கு அந்தக் காலம் போய்விட்டது. கவுன்டரில் ஒருவர் சத்தம் போட்டதன் உண்மையான விலை இதுதான். அதற்காக அவளுக்கு நோய் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை நடந்ததில் தொற்றாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் இப்போது ஒரு பரிசோதனை, பிறகு சம்பவத்திலிருந்து ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று செய்ய வேண்டும். இன்றைய முடிவு பழைய நிலையைத்தான் காட்டும், புதுத் தொற்றை இவ்வளவு சீக்கிரம் காட்டாமல் போகலாம். அதனால் முதல் முடிவு நல்லபடி வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. அவள் சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 2017ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. முடிவை உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் அவள் விருப்பம்தான், தாய் என்ற முறையில் கஷ்டமாக இருந்தாலும்.

மேகநோய்க்குப் பரிசோதனை, மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கு மாத்திரை, டி.டி. ஊசி, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி எல்லாம் இப்போதும் தாமதமில்லை. காமாலைத் தடுப்பூசிக்கு மூன்று தவணை, இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். அடுத்த தவணைத் தேதிகளைக் காலண்டரில் நீங்களே குறித்து வையுங்கள்.

படுக்கை போடச் சொன்னால் எந்த வார்டு என்ற பிரச்சினை வரும். ஆண்கள் வார்டில் அவள் தூங்க மாட்டாள். தூங்கவும் முடியாது. அட்மிஷன் சீட்டு எழுதும்போதே ஆர்.எம்.ஓ. என்ற நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்துப் பெண்கள் வார்டோ தனி அறையோ கேளுங்கள். வார்டில் போய்ச் சண்டை போடுவதைவிட இது சுலபம். ஸ்டாஃப் நர்சுக்கு மேலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

வேறு யாருக்காவது நேர்ந்தால் முதலில் எங்கே என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரி முதலில், ஸ்டேஷன் அப்புறம். குளிக்காமல், உடை மாற்றாமல் வந்தால் நல்லது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் கழற்றியதைத் துவைக்காமல் பழைய செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். கேரி பேக்கில் போட்டால் ஈரத்தில் கெட்டுவிடும். உடம்பிலிருந்து எடுக்கும் தடயத்துக்கு 96 மணி நேரம் வரை மதிப்பு உண்டு, அதிலும் முதல் நாள்தான் அதிகம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்குப் பெயர் பெப். அவசரப் பிரிவிலேயே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், அவர்களாகத் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஹார்மோன் வேலை செய்யாமல் போய்விடும் என்று பயந்து அந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துவார்கள். இப்போது கொடுக்கும் மருந்துகள் ஹார்மோனைக் கெடுப்பதில்லை. சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் மட்டும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது, இடைவெளி வேண்டும். பாதிக்கப்பட்டது திருநம்பி என்றால் கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரையையும் கேட்க வேண்டும், அதுவும் 72 மணி நேரத்துக்குள். தாடி வளர்த்த பையனிடம் யாரும் அதைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். எந்த நேரத்திலும் 1097 எண்ணில் எச்.ஐ.வி. பற்றிக் கேட்கலாம்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். சம்பவம் கர்நாடக எல்லைக்குள் என்பதால் ஓசூர் ஸ்டேஷனில் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் கன்னடத்தில் இங்கே போ என்பார்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். வாங்கிப் பதிந்து எல்லைக்கு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ஸ்டேஷனில் கேலி பேசினால், 2022ல் தமிழ்நாட்டுப் போலீசாரின் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள், திருநர்களைத் தொல்லை செய்யக் கூடாது என்று. அதைச் சொன்னால் எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. சொல்லத் தெரிந்தவரைக் கொஞ்சம் யோசித்துத்தான் தொடுவார்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வல்லுறவுப் பிரிவில் பாதிக்கப்பட்டவர் பெண் என்றுதான் எழுதியிருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 377, சம்மதமில்லாமல் நடந்ததற்கு ஒரு கதவாக இருந்தது. புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. திருநர் பாதுகாப்புக்கென்று 2019ல் கொண்டுவந்த சட்டம் பாலியல் கொடுமைக்கு வைத்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. புதிய தண்டனைச் சட்டத்திலோ, நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வழிப்பறி செய்தால் பதினான்கு ஆண்டு வரை உள்ளே தள்ளலாம். அவள் ஃபோனுக்கு இருக்கும் மதிப்பு அவள் உடம்புக்கு இல்லை. எனக்கு இதில் கோபம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இது ஒரு வழியும்கூட. புகாரில் பாலியல் கொடுமையை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். காரில் கடத்தியது, அடைத்து வைத்தது, அடித்தது, மிரட்டியது, ஃபோனும் பணமும் பறித்தது, எந்த ரோடு, இரவு என்ன நேரம், எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். பெண் என்ற சொல்லுக்குள் திருநங்கை வருவாள் என்று வாதாட ஒரு வக்கீல் வேண்டும். திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும்தான் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2019ல் சொன்ன தீர்ப்பு கையில் இருக்கிறது. இலவச வக்கீலுக்கு ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100.

வழக்கு வேண்டுமா என்று யோசிக்க அவளுக்கு நேரம் கொடுங்கள், ஆனால் ஒன்று மட்டும் காத்திருக்காது. டோல்கேட்டிலும் பெட்ரோல் பங்கிலும் உள்ள கேமரா பதிவுகள் சில வாரங்களில் அழிந்துபோகும்.

பேசி முடிக்கலாம் என்ற உங்கள் பெரியவர்களின் நினைப்பு புரிகிறது. ஸ்டேஷனுக்குப் போன அனுபவம் அவர்களுக்கு இனிப்பாக இருந்திருக்காது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புகார் இல்லாமல் அந்த ஆளிடம் பணம் வாங்கினால், மறுநாளே அவன் "திருநங்கைகள் மிரட்டிப் பணம் பறித்தார்கள்" என்று புகார் கொடுப்பான். அதை ஸ்டேஷனில் ஒரு நிமிடத்தில் நம்புவார்கள். அதுமட்டுமில்லை, பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசப் போவது அவளைப் பற்றி, அவளோ உள் அறையில் படுத்துக்கிடக்கிறாள். வழக்கு வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தால் அதையும் மதியுங்கள். உங்கள் வீட்டு மானத்துக்காகவோ, மற்ற மகள்களின் பிழைப்புக்காகவோ அந்த முடிவு அவள் மேல் ஏற்றப்படக் கூடாது.

ஒருங்கிணைந்த சேவை மையம் என்று மாவட்டந்தோறும் இருக்கிறது. சகி என்பார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் தங்க இடம், ஆலோசனை, போலீஸ் உதவி, வக்கீல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 181ல் கூப்பிட்டால் இணைப்பார்கள். திட்டத்தின் எழுத்தில் பெண்கள், சிறுமிகள் என்றுதான் இருக்கிறது, அதனால் வாசலிலேயே தயங்குவார்கள். நம் மாநிலத்தில் இந்த மையத்தையும் திருநங்கைகள் நல வாரிய வேலையையும் பார்ப்பது ஒரே துறை, சமூக நலத் துறை. கலெக்டர் ஆபீசில் மாவட்ட சமூக நல அலுவலரைப் பார்த்து, அவர் வாய் வழியாக மையத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வையுங்கள். வாரிய அட்டை இல்லை என்றால் அங்கேயே அதற்கும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். தூக்கம் திரும்பினாலே பாதி தெளியும். மாத்திரை கொடுத்தால் அது பைத்தியத்துக்கான மாத்திரை என்று வீட்டில் யாரும் பேசக் கூடாது. கதவைத் தட்டாமல் உள்ளே போகாதீர்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள், என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பெரிய சாப்பாடு இறங்காது. கேழ்வரகுக் கூழோ மோரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

பெற்றவர்களுக்குச் சொல்வதா என்பதை அவளிடம் கேளுங்கள், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். தெரிந்து அவர்களாகவே வந்து "வீட்டுக்கு வா, டாக்டர்கிட்ட காட்டி உன்னைப் பழையபடி ஆக்கிடறோம்" என்று அழுதால், அப்படி ஒரு வைத்தியம் கிடையாது என்று சொல்லுங்கள். மாற்றுகிறேன் என்று எந்த மருத்துவரும் செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021ல் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆனால் அவள் அம்மாவோடு பேச ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அம்மா இருவர் இருப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

திருப்பி அனுப்பிய அந்த மருத்துவமனை மேல் மனு கொடுக்கலாம். மருத்துவக் கல்லூரி என்றால் டீனுக்கு, மற்ற அரசு மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநருக்கு, தனியார் என்றாலும் இணை இயக்குநருக்கே. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமும் ஒரு நகல் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். திருநர்களுக்குச் சிகிச்சையை மறுப்பது 2019 சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்ட பாகுபாடு என்று ஒரு வரி இருக்கட்டும். மனுவில் தேதி, நேரம், எந்தக் கவுன்டர், என்ன சொன்னார்கள் என்பது போதும். அவள் பெயரையோ நடந்த கொடுமையையோ எழுத வேண்டாம், "என் மகளை அவசர சிகிச்சைக்கு அழைத்துச் சென்றேன்" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அந்த மனு எத்தனை மேசைகளுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.